மூன்றாம் தண்ணீர்

மட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன் தலைமாட்டிலேயே நின்றால் அது மண்ணைக் கக்காது. நிழல் விழுந்தால் போதும், ஓடுகளை இறுக்கிக்கொள்ளும். தேசராணிக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும், உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு மறுபடி எழுந்து போய் பிளாஸ்டிக் பேசின் மேல் குனிந்தாள். குனிந்ததும் நாலைந்து மட்டிகள் டக் டக்கென்று மூடிக்கொண்டன. சரி, உயிரோடுதான் இருக்கிறது. நேற்று அம்மா வீட்டுக் குப்பத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் அரக்கோணம் வரைக்கும் கொண்டுவந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனாள். போகட்டும், கால் நீட்ட இடம் கிடைத்தது. சேற்று வாடையை நாற்றம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேசராணிக்கு அது வீட்டு வாடை. அம்மா புடவையில், கூரையில், பாயில், பள்ளிக்கூடப் பையில்கூட அந்த வாடைதான் இருந்தது. ஏழாம் வகுப்பு டீச்சர் பையை வெளியே மாட்டச் சொன்னார். அப்புறம் பையே தேவைப்படாமல் போயிற்று. முதல் தண்ணீரை இன்று காலையில் கொட்டும்போது அந்த வாடை எழுந்து சமையலறை பூராவும் நிறைந்தது. கறுப்புச் சேறு, நல்ல சேறு. இரண்டாம் தண்ணீரில் மணல் வந்தது. இது மூன்றாம் தண்ணீர், உப்புப் போட்டது. இதைக் கக்கி முடித்தால் அடுப்பில் ஏற்றலாம். காஸை மூடினோமா? மூடியிருந்தது. மூடியிருக்கிறது என்று போன தடவை எழுந்தபோதே பார்த்தாகிவிட்டது.

உள்ளே மோனிஷா படுத்திருக்கிறாள். பெங்களூரிலிருந்து வந்து ஒரு வாரமாகப் படுக்கைதான். ஆபீசில் மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்திருக்கிறாள், கூட வேலை செய்கிற பெண் போன் பண்ணித்தான் தெரிந்தது. ரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார் டாக்டர், என்ன சாப்பிடறே என்று கேட்டார், இவள் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, இரண்டு வருஷமாய்ப் பாலும் இல்லை. கன்றுக்குட்டி குடிக்க வேண்டியதாம். சீவினால் சீப்பு நிறைய முடி. அந்த முடியை யாரும் பார்க்காமல் சுருட்டி எடுத்துப் போடுகிறாள் தேசராணி, பெண்ணே பார்த்துவிடக் கூடாது என்பதுபோல. பயறு வேகவைத்துக் கொடுத்தால் இரண்டு வாய், கீரை என்றால் ஒரு வாய், போதும்மா, வயிறு உப்புது. அப்படிப்பட்டவள் முந்தாநாள் கட்டிலில் படுத்தபடியே, "மா, மட்டி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"எதுடி, மட்டியா? முட்டையே ஆவாதுன்னியே."

"மட்டி சாப்பிடலாம்மா. அதுக்கு மூளையே கிடையாது. வலி தெரியாது."

"உன்கிட்ட வந்து சொல்லிச்சா?"

மோனிஷா சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு எழுந்து உட்கார்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, சின்ன வயசில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஆட்டுக்கும் கோழிக்கும் தீவனம் போட வேண்டும், அந்தத் தீவனத்துக்குக் காடு அழிக்க வேண்டும். பண்ணை இறாலுக்கும் அப்படித்தான், கரையிலிருக்கிற கண்டல் மரத்தையெல்லாம் வெட்டிக் குளம் போடுகிறார்கள். மட்டிக்கு எதுவும் வேண்டாம். தீவனம் வேண்டாம், மருந்து வேண்டாம், கிடக்கிற இடத்தில் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும், அதிலேயே வளரும், அதில் அத்தனை இரும்பு, அத்தனை புரதம். "பூமிக்குப் பாரமே இல்லாத சாப்பாடும்மா. நீங்கல்லாம் அப்பவே சரியாத்தான் சாப்பிட்டிருக்கீங்க."

சரியாத்தான் சாப்பிட்டிருக்கிறோம். தேசராணி அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் இதே வீட்டில் மாமியார் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்க, "எங்க ஊட்டு சட்டியில நத்தைய வேகவைக்காதேம்மா, உனக்குக் கும்புடு" என்று கத்தினாள். நத்தை இல்லத்தே, மட்டி. ஓட்டுக்குள்ள இருக்குதா இல்லியா, அப்ப நத்தைதான். வீட்டுக்காரர் ஏழுமலை மறுநாள் ஒரு அலுமினியப் பானை வாங்கிவந்து வைத்தார், அவ்வளவுதான். அந்தப் பானை இன்னும் சிலிண்டருக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. அதில் வேகவைத்ததைக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து தனியாகத் தின்பாள். தனியாகத் தின்றால் மட்டியில் பாதி ருசி போய்விடும், அது கூட்டமாய்ச் சுற்றி உட்கார்ந்து ஓட்டைக் குவித்துக்கொண்டே தின்ன வேண்டியது. இருபத்தைந்து வருஷம் கழித்து, பெற்ற பெண், படித்த பெண், நீங்கள் சரி என்கிறாள். மாமியார் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் வலி தெரியாது என்கிறாளே, அது எப்படி? நிழலுக்கே மூடுகிறதே. அது தானாக நடக்கிறதும்மா, தூசி வந்தால் நீ கண்ணை மூடுற மாதிரி என்றாள் மோனிஷா. நான் கண்ணை மூடினால் எனக்குத் தெரியாமலா மூடுகிறேன்? அம்மாவுக்கு, அன்னபூஷணத்துக்கு, மூளை இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் தெரியாது, ஆனால் மட்டியை அடுப்பில் ஏற்றுமுன் கரண்டியால் பானையை இரண்டு தட்டுத் தட்டாமல் ஏற்ற மாட்டாள். தூங்குறத அப்படியே தூக்கி நெருப்புல வைக்கக் கூடாதுடி, சொல்லிட்டு வைக்கணும். தட்டினால் உயிருள்ளதெல்லாம் மூடும், மூடாதது செத்தது, அதைப் பொறுக்கி எறியலாம், அதற்காகவும்தான். ஆனால் அம்மா சொன்னது இதை இல்லை, சொல்லிட்டு வைக்கணும் என்பதைத்தான். அதேபோல் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது எதுவும் கரைக்கு வராது, தண்ணீரிலேயே தடவிப் பார்த்து அங்கேயே விட்டுவிடுவாள். விட்டதெல்லாம் மறுவருஷம் நமக்குத்தான் வரும் என்பாள். வந்தது. அப்போதெல்லாம் வந்தது. பேசினில் கிடப்பதைத் தேசராணி பார்த்தாள். பாதிக்கு மேல் சுண்டுவிரல் நகம்தான் இருக்கும்.

குப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதை ஆறு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், உண்மையில் அது கடலும் ஆறும் கலக்கிற கழி. இடுப்பளவு தண்ணீர், கீழே சேறு, சேற்றுக்குள் கைவிட்டுத் தடவித்தான் இறாலும் மட்டியும் எடுப்பது, வலை கிடையாது. இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாய் இருக்கும், அதனால் ஓலைக்கூடையைக் கழுத்துக்குக் கீழே தொங்கவிட்டு அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். குப்பத்துப் பெண்கள் எல்லோருடைய கூடை விளிம்பிலும் பல் தடம் இருக்கும், எந்தக் கூடை யாருடையது என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அம்மாவுடையதில் முன்பல் ஒன்று பாதி உடைந்தது தெரியும். கூடையைக் கடித்திருக்கிற வாயால் பேச முடியாது. காலையிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் பத்துப் பதினைந்து பெண்கள் வாய் பேசாமல் தண்ணீரில் குனிந்திருப்பார்கள், ஆனால் சத்தம் ஓயாது, எல்லாம் தொண்டையிலேயே. குட்டையாய் ஒரு ம் என்றால் இங்கே இருக்கிறது வா. இழுத்து, கீழே இறக்கி ம்ம்ம் என்றால் போதும், கரையேறலாம். அதிலேயே சண்டை போடுவார்கள், அதிலேயே சிரிப்பார்கள், யாராவது நாத்தனாரைப் பற்றி ஒரு ம் போட்டால் கூடைகளெல்லாம் குலுங்கும். இதையெல்லாம் மோனிஷாவுக்குச் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்கிறாள் தேசராணி. வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு குழந்தையும் ம் ம் என்று பதில் சொல்லும். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை மட்டும் சொன்னதில்லை. மூக்கிலிருந்து வெட்டினாற்போல் வருகிற சத்தம். சேற்றில் கெளுத்தி முள்ளோ கண்ணாடிச் சில்லோ தட்டுப்பட்டால், பக்கத்தில் தடவிக்கொண்டிருக்கிற பிள்ளையின் கையை எடுக்கச் சொல்வது. யோசிக்காமல் எடுத்துவிட வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். தேசராணிக்கு முதல் வருஷத்தில் அம்மா அந்தச் சத்தத்தைத் தந்தபடியே இருந்தாள். ஒரே ஒரு தடவை இவள் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தாள், அதற்குள் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மழைக்காலத்தில் இன்னும் அந்த இடம் குடையும். பயப்படும் என்று அதைக் குழந்தையிடம் சொல்லவில்லை. பயப்படுகிற எதையுமே அந்த ஆற்றைப் பற்றிச் சொல்லவில்லை. கால்விரல் நகம் தெரிகிற தண்ணீர், காலை இடித்துக்கொண்டு ஓடுகிற மீன், கரையேறினதும் மூட்டுகிற அடுப்பு, இதைத்தான் சொன்னாள்.

அடுப்பு. மட்டிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெறும் பானையில் போட்டு மூடினால் அதுவே தன் தண்ணீரை விட்டு அதிலேயே வேகும். ஆளுக்கொரு மட்டியைக் காட்டி, இது என்னுது, இது உன்னுது என்று சொல்லி வைத்துக்கொள்வார்கள் தேசராணியும் அக்கா பொற்கொடியும். யாருடையது முதலில் வாய் திறக்கிறதோ அவளுக்குப் பெரிய மட்டி. எப்போதும் பொற்கொடிதான் ஜெயிப்பாள். பானை ஓரத்தில் சூடு முதலில் ஏறும், அங்கே பார்த்து வைப்பாள் கள்ளி. ஜெயித்துவிட்டு பெரிய மட்டியைப் பிளந்து பாதியை இவள் வாயில் திணித்துவிடுவாள். வெந்தபின் பானையில் பால்போல ஒரு தண்ணீர் நிற்கும், உப்பும் இனிப்புமாக, அதைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி அம்மா தருவாள், காய்ச்சல்காரருக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். அந்தத் தண்ணீரை மோனிஷாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டால் போதும், நாலு நாளில் முகத்தில் ரத்தம் ஏறிவிடும் என்று முந்தாநாள் ராத்திரி படுத்தபடி நினைத்தாள், அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு நேற்று விடிந்ததும் ரயில் ஏறிவிட்டாள்.

அக்கா சாக்கைத் தயாராய் வைத்திருந்தாள். காலில் முட்டிக்குக் கீழே வரிவரியாய்ப் புண். "இன்னாக்கா இது?" "சேத்துப் புண்ணுடி, மஞ்சா வெச்சிருக்கேன்." சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்த தேசராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பொடிசா கீதேன்னு பாக்கறியா? பெருசு எங்க கீது இப்போ? அல்லாத்தையும் பொறுக்கிப் பொறுக்கி எட்து வெச்சேன் எம்பொண்ணுக்குன்னு" என்றாள். அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். பாலத்துக்குக் கிழக்கே எடுத்தாயா, மேற்கே எடுத்தாயா. கிழக்கே கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடம், பரவாயில்லை. மேற்கேதான் நிலக்கரி எரித்துக் கரன்ட் எடுக்கிற இடத்திலிருந்து சுடுதண்ணீர் வருகிறது, குழாய் உடைகிறபோதெல்லாம் சாம்பலும் வருகிறது. கால் வைத்தால் சேறே இல்லைடி, பவுடர் மாதிரி வழுக்கிக்கினு போவுது என்று பொற்கொடிதான் போனில் சொன்னாள், எப்போதோ, நாலைந்து வருஷத்துக்கு முன்னால். "எங்க..." என்று ஆரம்பித்தாள் தேசராணி. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்று இருந்தது, கேட்டுவிடாதே என்பது போலவும் கேளேன் பார்ப்போம் என்பது போலவும். "எங்கக்கா, மாமாவக் காணோம்?" என்று முடித்துவிட்டாள். மாமா எங்கே போவார், கடைத்தெருவில்தான் இருப்பார். பொற்கொடி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள், "நாங்க தெனம் இதத்தான் திங்கறோம். செத்தா பூட்டோம்?"

அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? உன் பிள்ளைகள் தின்னலாம், என் பெண் தின்னக் கூடாது என்றா? அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்ததை வாங்கிக்கொண்டு, போகிற வழியில் குப்பையில் கொட்டுவதா? முந்தாநாள் மோனிஷா போனில் ஒரு படம் காட்டினாள். இரண்டு கண்ணாடித் தொட்டி, இரண்டிலும் ஒரே கலங்கல் தண்ணீர், ஒன்றில் மட்டும் மட்டியைப் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொட்டி தெளிந்துகொண்டே வந்து, கடைசியில் பின்னால் நிற்கிற ஆள் தெரிந்தார். "பார்த்தியாம்மா, எப்படிச் சுத்தம் பண்ணுது, உங்க ஆத்தை இதுங்கதான் சுத்தமா வச்சிருந்திருக்கு" என்றாள். அவள் முகம் வெளிச்சமாய் இருந்தது. அப்போது இவளுக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. தண்ணீரிலிருந்து போன அழுக்கு எங்கே போயிற்று? சட்டையைத் துவைத்தால் அழுக்கு தண்ணீருக்குப் போகிறது. தண்ணீரைத் துவைத்தால்? கேட்கவில்லை. ஏழாவதோடு நின்றவள் எதையாவது கேட்கப்போய், பெண் போனை அணைத்து வைத்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது? அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அவ்வளவு படித்தவளுக்கு. தெரிந்திருக்கும். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஆறு யார் சொன்ன ஆறு? இவள் சோற்றோடு ஊட்டிய ஆறு.

"மா, ஆச்சா? பசிக்குது." உள்ளேயிருந்து குரல். பசிக்குது என்கிறாள்! இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. "ஆச்சு கண்ணு, ஏத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவசரமாய் பேசினைச் சாய்த்தாள். தண்ணீர் போனபின் அடியில் மெல்லிசாய் ஒரு படிவு நின்றது. கறுப்பில்லை. மணல் நிறமுமில்லை. விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். சேறு என்றால் பிசுக்கும், மணல் என்றால் உறுத்தும். இது இரண்டுமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி. இல்லை, மணல்தான், பொடி மணல். கண்ணுக்குச் சரியாய்த் தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஏழுமலையிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். குழாயைத் திறந்து அலசினாள், திரும்ப அலசினாள். அம்மா மூன்று தண்ணீருக்கு மேல் வைத்ததில்லை. கொதிக்கிற சூட்டில் எதுவும் நிற்காது. நெருப்பில் போகாதது என்ன இருக்கிறது? நெருப்பில் எரிந்து மிச்சமானதுதானே சாம்பல் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, அதை அலசல் தண்ணீரோடு கொட்டினாள். பானையை எடுத்தாள், மட்டியைப் போட்டாள், கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே மூடுகிற சத்தம் மழை தொடங்குவதுபோல் கேட்டது. சொல்லியாயிற்று. என்ன சொன்னோம் என்றுதான் தெரியவில்லை.

நெருப்பைப் பற்றவைத்து மூடியைப் போட்டபோது கை தானாக ஓரத்தில் ஒரு மட்டியைத் தேடியது, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள். அக்கா இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாள். காலைக் கழுவிக்கொண்டு, மஞ்சள் பற்றை எடுத்து அப்பிக்கொண்டு, அவளும் அடுப்பேற்றியிருப்பாள். அங்கே யார் யாருடைய மட்டி என்று சொல்லி வைக்கத் தங்கச்சி பக்கத்தில் இல்லை. ஆவி எழுந்தது. அதே வாசனை. கண்ணை மூடினால் கரை, ஓலைக்கூடைகள் வரிசையாய்க் கவிழ்ந்து கிடக்கின்றன, பெண்கள் தாடையைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார்கள், வாய் விடுபட்டுவிட்டதால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அம்மா மூடியைத் திறக்கிறாள், ஆவிக்குள்ளிருந்து அம்மாவின் உடைந்த பல் சிரிக்கிறது. கண்ணைத் திறந்து மூடியை எடுத்தாள் தேசராணி. மட்டிகள் வாய் திறந்திருந்தன. ஆனால் கீழே பால்போல நிற்க வேண்டிய தண்ணீர் ஈயம்போல நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு, பிடிதுணியால் பானையை இரண்டு கையாலும் தூக்கினாள், நைட்டிமேல் போட்டிருந்த துண்டு நழுவியது, பர்னர் சூட்டில் விழுந்துவிடுமே என்று அதைப் பல்லால் கடித்துக்கொண்டாள். மேடைமேல் பானையை இறக்கும்போது மோனிஷா வந்து பக்கத்தில் நின்றாள், எலும்பு தெரிகிற கழுத்து, கண் மட்டும் பெரிசாய். "ஹா! இந்த வாசனைதான் நீ சொன்னது, இல்ல?" ஒரு மட்டி முழுசாய் விரிந்து பானை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மடிப்புக்குள், மஞ்சள் சதையை ஒட்டி, பென்சிலால் கோடு போட்டதுபோல் சாம்பல் நிறத்தில் ஒன்று. அந்த மட்டியைத்தான் எடுக்க மோனிஷா கையை நீட்டினாள்.

சத்தம் தேசராணியிடமிருந்துதான் வந்தது. கடித்த துண்டுக்குப் பின்னாலிருந்து, மூக்கிலிருந்து, வெட்டினாற்போல். அது தன் தொண்டைக்குள் இத்தனை வருஷமாக இருந்ததே அவளுக்குத் தெரியாது.

மோனிஷாவின் கை சட்டென்று பின்னால் போயிற்று. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, முதலில் கை போயிற்று, அதன் பிறகுதான் அவள் அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா? சூடா?"

தேசராணி வாயைத் திறந்தாள். துண்டு தரையில் விழுந்தது. தாடை வலித்தது.

"பெரியம்மாவுக்கு போன் போடு," என்றாள். "சாப்புட உக்காந்துருவா. சீக்கிரம் போடு."